சாமான் பட்டியலில் கட்டம் நகர்கிறதா?

காரைக்குடிக் கல்யாணச் சாமான் பட்டியலை வேர்டில் அடிக்கும்போது, பாத்திரத்தின் பெயர் நீண்டால் பக்கத்து எண்ணிக்கைக் கட்டம் ஒடுங்கிவிடுகிறது, இரண்டாம் பக்கத்தில் தலைப்பும் வருவதில்லை என்கிறீர்கள். ஸ்பேஸ் தட்டித் தட்டிச் சரிசெய்யாதீர்கள், அது தீராத வேலை. டேபிளுக்குள் கர்சரை வைத்தால் மேலே கடைசியில் இன்னொரு லேஅவுட் வரும் (பக்கத்துக்கான லேஅவுட் இல்லை, எல்லாரும் அங்கேதான் போய்த் தேடுகிறார்கள்), அதில் ஆட்டோஃபிட், ஃபிக்ஸ்ட் காலம் விட்த் கொடுங்கள். அப்புறம் 'எவர்சில்வர் அடுக்குச் சட்டி' கட்டத்துக்குள்ளேயே மடங்கிக்கொள்ளும், அகலம் அசையாது. தலைப்புக்கு, முதல் வரிசையில் நின்று அதே லேஅவுட்டில் ரிப்பீட் ஹெடர் ரோஸ் கொடுங்கள். வரவில்லையா? டேபிள் ப்ராப்பர்ட்டீஸில் டெக்ஸ்ட் ராப்பிங்கை 'நன்' ஆக்குங்கள். வெள்ளிச் சாமான் எடைக் கட்டங்களை இடப்பக்கம் ஒட்டவிட்டு ரூலரில் ஒரு டெசிமல் டேப் (எண்களைப் புள்ளியில் நிறுத்தும் குறி) வைத்தால் 250.5, 1020 எல்லாம் புள்ளிக்கு நேராக நிற்கும், டேப் கீயைத் தொடவே வேண்டாம்.