ஏ லெவல் (பிளஸ் டூ போன்ற பள்ளி இறுதிப் படிப்பு) முடித்த கையோடு பிரிட்டனில் பெரிய ஆடிட் நிறுவனத்தில் டிரெய்னியாகச் சேர்ந்தால் என்ன வேலை தருவார்கள்?

டீ வாங்கி வரச் சொல்வார்களோ என்று பயப்பட வேண்டாம். நேராக ஆடிட்டுக்கே அனுப்பிவிடுவார்கள். டிசம்பர் 31 அன்று ஏதோ ஒரு கிடங்கில் குளிரில் நடுங்கிக்கொண்டு, பட்டியலில் உள்ள பெட்டி அலமாரியில் இருக்கிறதா, அலமாரியில் உள்ளது பட்டியலில் ஏறியிருக்கிறதா என்று இரண்டு பக்கமும் எண்ண வேண்டியிருக்கும். பிறகு இன்வாய்ஸ், பேங்க் ஸ்டேட்மென்ட். ஜனவரி முதல் மார்ச் வரை வீடு திரும்ப நேரமாகும்.

சம்பளம் உண்டு, பரீட்சைச் செலவும் அவர்களுடையது. 2025-26இல் இங்கிலாந்தில் பல்கலைக்கழகக் கட்டணம் ஆண்டுக்கு 9,535 பவுண்ட் வரை. அதைக் கட்ட மாணவர்கள் வாங்கும் கடன் உங்களுக்கு இல்லை. பல இடங்களில் முதலில் ஏ.ஏ.டி. என்ற அடிப்படைக் கணக்கியல் தகுதி, அப்புறம் ஏ.சி.ஏ. என்ற பட்டயக் கணக்காளர் தகுதி; பட்டயக் கணக்காளராக நான்கைந்து வருடம். ராத்திரி வந்து படிப்பதுதான் பெரும்பாடு. பரீட்சையில் தவறினால் வேலையே போகலாம். ஒப்பந்தத்தில் அந்தப் பத்தியை முதலில் படியுங்கள்.