கர்சர் லூப்பில் தரவு தீரும் இடம்: கேள்வி பதில்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பகுதிகளில் வணிகக் கணக்கு மென்பொருள் எழுதுகிறவர்கள் கேட்டவற்றில், கர்சரின், அதாவது தரவுத்தளத்திலிருந்து பதிவுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரும் கருவியின், கடைசிப் பதிவைப் பற்றிய கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

தோவாளையிலிருந்து: ஐயா, பூக் கமிஷன் கடை ஒன்றுக்கு மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் புரொசீஜர் (தரவுத்தளத்துக்குள்ளேயே ஓடும் நிரல்) எழுதியுள்ளேன். அன்றைய பூ வரவைக் கர்சர் ஒவ்வொரு பதிவாக எடுக்கும். லூப்புக்குள் ஒரு செலக்ட் இன்டூ (அட்டவணையிலிருந்து மதிப்பை எடுத்து மாறியில் வைக்கும் கட்டளை) அந்தப் பூவின் அன்றைய விலையைக் கொண்டுவரும். சில நாட்களில் 80 பதிவுகளுக்குப் பில் போட வேண்டியது 23-உடன் நின்றுவிடுகிறது. பிழைச் செய்தி எதுவும் வருவதில்லை.

பதில்: அந்த 23-ஆம் பதிவில் உள்ள பூவுக்கு அன்று விலை ஏற்றப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் ஏற்றப்பட்டிருக்காது. கர்சரில் எடுப்பதற்குப் பதிவு இல்லாதபோது மைஎஸ்கியூஎல் 1329 என்ற எண்ணையும் 02000 என்ற எஸ்கியூஎல்ஸ்டேட் நிலைக் குறியீட்டையும் தருகிறது. செலக்ட் இன்டூவுக்கு ஒரு பதிவும் கிடைக்காதபோதும் அதே எண்ணைத்தான் தருகிறது. எனவே கர்சருக்காக நீங்கள் அறிவித்த நாட் ஃபவுண்ட் ஹேண்ட்லர் (பதிவு கிடைக்காதபோது தானாக ஓடும் பகுதி), விலை இல்லாததைக் கண்டும் கொடியை, அதாவது ‘தரவு தீர்ந்தது’ என்று குறிக்கும் மாறியை, உயர்த்திவிடுகிறது. அடுத்த சுற்றில் 24-ஆம் பதிவு ஒழுங்காக வந்தும், கொடி உயர்ந்தே இருப்பதால் லூப் முடிந்துவிடுகிறது.

இதைவிடப் பெரிய பிழை ஒன்று அதற்குள் ஒளிந்திருக்கிறது. பதிவு கிடைக்காத செலக்ட் இன்டூ, விலை மாறியைக் காலியாக்குவதில்லை. முந்தைய பூவின் விலை அதிலேயே தங்கியிருக்கும். 22-ஆம் பதிவு பிச்சிப்பூவாகவும் 23-ஆம் பதிவு கிரேந்தியாகவும் இருந்தால், கிரேந்திக்குப் பிச்சியின் விலையில் பில் விழுந்திருக்கும். லூப் நின்றுபோனது அன்றைக்கே தெரிந்துவிடும். இந்தத் தவறு தெரியாது, பூக் கொண்டுவந்தவருடைய கணக்கில் போய் உட்கார்ந்துவிடும். ஆகவே பழைய பில்களையும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

செலக்ட் முடிந்ததும் கொடியை மறுபடி இறக்கிவிடுவது பலர் செய்யும் திருத்தம். அது லூப் நிற்பதைத் தடுக்குமே தவிர விலைத் தவறைத் தடுக்காது. விலை எடுக்கும் பகுதியைத் தனி பிகின்–எண்ட் தொகுதியாக்கி, அதற்குள் இன்னொரு நாட் ஃபவுண்ட் ஹேண்ட்லரை அறிவித்து, அதில் விலை மாறியை நல் (மதிப்பு இல்லை) ஆக்குங்கள். உள்ளே எழும் அறிவிப்பை உள் ஹேண்ட்லரே ஏற்றுக்கொள்ளும், வெளியே உள்ள கொடி அசையாது. அதைவிடவும் நான் விரும்பும் வழி, கர்சரின் கேள்வியிலேயே விலை அட்டவணையை லெஃப்ட் ஜாயின் செய்துவிடுவது (விலை இல்லாத பூவையும் விடாமல் இரு அட்டவணைகளையும் இணைப்பது). அப்போது லூப்புக்குள் செலக்டே தேவைப்படாது, விலை ஏறாத பூ நல் என்று தானாகவே தெரியும்.

குலசேகரத்திலிருந்து: அண்ணா, ரப்பர் ஷீட் கொள்முதலில் கடைசியாகத் தந்தவருக்கு மட்டும் தொகை இரண்டு முறை வரவாகிறது. இது ஆரக்கிள் தரவுத்தளம்.

பதில்: ஃபெட்ச் செய்து (அடுத்த பதிவை எடுத்து), தொகையை வரவு வைத்து, அதன் பிறகு நாட் ஃபவுண்ட் பார்க்கிறீர்கள். ஆரக்கிளில் கர்சர் தீர்ந்த பிறகு செய்யும் ஃபெட்ச் பிழை எதையும் எழுப்புவதில்லை. மாறிகளில் பெரும்பாலும் முந்தைய பதிவின் மதிப்பே கிடக்கும். அதையே நீங்கள் மீண்டும் வரவு வைக்கிறீர்கள். லூப்பிலிருந்து வெளியேறும் எக்சிட் வென் வரி, ஃபெட்ச் வரிக்கு அடுத்த வரியாகவே இருக்க வேண்டும். இடையில் வேறு எதுவும் வேண்டாம். ‘தரவு இல்லை’ என்னும் ஓஆர்ஏ-01403 பிழையை எதிர்பார்த்து எக்செப்ஷன் எழுதுவதும் பயன் தராது, ஏனென்றால் அது செலக்ட் இன்டூவுக்கு உரியது. கர்சர் ஃபார் லூப் எழுதினால் திறப்பதும், முடிவைப் பார்ப்பதும், மூடுவதும் ஆரக்கிளின் பொறுப்பாகிவிடும்.

அதே நண்பர்: வேகத்துக்காக, பல பதிவுகளை ஒரே முறையில் எடுக்கும் பல்க் கலெக்டை லிமிட் 100 என்று வைத்து எழுதினேன். எக்சிட் வரியை நீங்கள் சொன்ன இடத்தில்தான் வைத்திருக்கிறேன். இப்போது 250 பதிவுகளில் 200 மட்டுமே வருகிறது.

பதில்: மேலே சொன்ன விதிக்கு விலக்கு இதுதான், அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். கேட்ட 100-க்குக் குறைவாகக் கிடைத்தாலே நாட் ஃபவுண்ட் உண்மையாகிவிடும். மூன்றாம் முறை 50 பதிவுகள் வந்து சேர்ந்திருந்தும், அவற்றைத் தொடாமலே வெளியேறிவிடுகிறீர்கள். கலெக்‌ஷனின் கவுண்ட் (அதில் வந்து சேர்ந்த பதிவுகளின் எண்ணிக்கை) சுழியமாக இருந்தால் மட்டும் வெளியேறுங்கள்.

குளச்சலிலிருந்து: சார், எஸ்கியூஎல் சர்வரில் ஒரு கர்சருக்குள் இன்னொரு கர்சர் வைத்திருக்கிறேன். முதல் படகின் மீன் ஏலக் கணக்கு முடிந்ததும் மற்ற படகுகள் விடுபட்டுப்போகின்றன.

பதில்: ஃபெட்ச் ஸ்டேட்டஸ் என்பது கர்சருக்கு ஒன்றாக இருப்பதில்லை, இணைப்பு முழுவதற்கும் ஒன்றே. கடைசியாக எந்தக் கர்சரில் ஃபெட்ச் நடந்ததோ அதன் நிலையையே அது சொல்லும். உள் லூப் முடியும்போது அது -1 (பதிவு தீர்ந்தது) ஆகியிருக்கும். உள் லூப் முடிந்த பிறகு, வெளிக் கர்சரின் அடுத்த ஃபெட்சை வெளி லூப்பின் கடைசி வரியாக வையுங்கள்; அதன் பிறகு வேறு கர்சர் எதுவும் குறுக்கிடக் கூடாது. நிலையைச் சொந்த மாறி ஒன்றில் உடனே எடுத்து வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. ஃபெட்ச் ஸ்டேட்டஸ் -2 என்று வந்தால், அந்தப் பதிவு இடையில் நீக்கப்பட்டுவிட்டது என்பதே பொருள், தரவு தீர்ந்துவிட்டது என்பதல்ல; ‘சுழியமாக இருக்கும்வரை’ என்று எழுதிய லூப் அங்கேயும் நின்றுவிடும்.

மார்த்தாண்டத்திலிருந்து: போஸ்ட்கிரெஸில் எப்படி?

பதில்: ஃபெட்ச் எதுவும் கிடைக்காதபோது மாறிகளை நல் ஆக்கி, ஃபவுண்ட் என்ற உள்ளமை மாறியைப் பொய் ஆக்கும். ஆனால் அப்டேட், டெலீட், பெர்ஃபார்ம் ஆகியவையும் ஃபவுண்டை மாற்றும் என்பதால், ஃபெட்ச் முடிந்த கையோடு அதைப் பாருங்கள்.

தக்கலையிலிருந்து: அண்ணா, கடைசிப் பதிவில் ஏதாவது சிக்கல் வந்துவிடக் கூடாதென்று, எல்லாப் பிழைகளையும் பிடித்து ஒன்றும் செய்யாமல் விடும் கன்டினியூ ஹேண்ட்லர் ஒன்றை மைஎஸ்கியூஎல்லில் வைத்துள்ளேன். சரிதானா?

பதில்: சரியில்லை, இன்றைக்கே நீக்கிவிடுங்கள். தரவு தீர்வது வேறு, பிழை வேறு. நீங்கள் வைத்திருக்கும் எஸ்கியூஎல்எக்செப்ஷன் ஹேண்ட்லர் நாட் ஃபவுண்டைத் தொடுவதே இல்லை. ஆகவே நீங்கள் அஞ்சும் இடத்தில் அது உதவாது. ஆனால் ஒரு இன்சர்ட் தோற்றால் அதை விழுங்கிவிட்டு லூப்பைத் தொடரச் செய்யும், பில் குறைந்திருப்பது யாருக்கும் தெரியாது. நாட் ஃபவுண்டுக்கு மட்டும் கன்டினியூ ஹேண்ட்லர் வையுங்கள். மற்ற பிழைகளுக்கு, அங்கேயே வேலையை முடிக்கும் எக்சிட் ஹேண்ட்லர் வைத்து, ரோல்பேக் செய்துவிட்டு (செய்த மாற்றங்களைத் திரும்பப் பெற்றுவிட்டு), ரீசிக்னல் மூலம் பிழையை அழைத்தவருக்கே திருப்பி அனுப்புங்கள். அறிவிக்கும்போது மாறிகள் முதலிலும், கர்சர் அடுத்தும், ஹேண்ட்லர் கடைசியிலும் வர வேண்டும். கர்சரை ஹேண்ட்லருக்குப் பின் எழுதினால் 1338 என்ற பிழை வரும்.