ஸ்லோ குக்கர்ல ரெட் பீன்ஸ், கூடவே புகை போட்ட பன்னிக்கறி: கேளுங்க, சொல்றேன்

அமெரிக்காவோட தென்பக்க மாநிலம் லூசியானா, அந்த ஸ்டைல் ரெட் பீன்ஸ் அண்ட் ரைஸ் (புகை போட்ட பன்னிக்கறியோட வேக வெச்ச சிவப்பு ராஜ்மாவும் சோறும்) பத்தி ரொம்ப பேர் கேட்டிருந்தீங்க, அதுவும் ஸ்லோ குக்கர்ல, அதாவது மெல்ல மணிக்கணக்கா வேக வைக்கிற கரண்ட் பாத்திரத்துல எப்படி பண்றதுன்னு. ஒவ்வொண்ணா வர்றேன்.

கேள்வி: அக்கா, ராத்திரி ஊற வெச்ச ராஜ்மாவை காலைல ஹாம் ஹாக்கோட (புகை போட்ட பன்னிக்கால்) ஸ்லோ குக்கர்ல போட்டுட்டு ஆபீஸ் போயிடலாமா? லோல 8 மணி நேரம் வெச்சா போதுமா?

நேரா போடவே கூடாதுமா, இதைத்தான் எல்லாரும் முதல்ல தெரிஞ்சுக்கணும். சிவப்பு ராஜ்மால லெக்டின்னு ஒரு விஷப்பொருள் இருக்கு, ஃபைட்டோஹீமாக்ளூட்டினின்னு நீளமா பேர். சரியா வேகாத பீன்ஸ் நாலஞ்சு உள்ள போனாலே போதும், ஒண்ணுலேர்ந்து மூணு மணி நேரத்துக்குள்ள குமட்டல், வாந்தி, அப்புறம் வயித்தால போறதுன்னு ஆளைப் படுக்க வெச்சிடும். நல்லா கொதிச்சா அது அழிஞ்சுடும், ஆனா ஸ்லோ குக்கர் லோல பல நேரம் உள்ள சூடு 75, 80 டிகிரிலயே நின்னுடும், அந்த சூட்டுல அழியாதது மட்டுமில்ல, பச்சையா இருந்ததை விட விஷம் கூடவும் செய்யலாம்னு அமெரிக்காவோட உணவு, மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏவே எழுதி வெச்சிருக்காங்க. பீன்ஸ் கையில மசியுது, வெந்துடுச்சுன்னு நம்பவும் முடியாது. அதனால குறைஞ்சது 5 மணி நேரம் ஊற வைங்க, அந்த தண்ணியை கொட்டிடுங்க, புது தண்ணி ஊத்தி அடுப்புல 30 நிமிஷம் தளதளன்னு கொதிக்க விடுங்க, அப்புறம் ஸ்லோ குக்கருக்கு மாத்துங்க. காலைல நேரமில்லன்னா ராத்திரியே கொதிக்க வெச்சு ஆறினதும் ஃபிரிட்ஜ்ல வெச்சிடலாம். ஸ்லோ குக்கரோட பீங்கான் பாத்திரத்தை மட்டும் தூக்கி அடுப்புல வெச்சிடாதீங்க, விரிசல் விட்டுடும்.

கேள்வி: அப்போ வெள்ளை நேவி பீன்ஸுக்கும் இதேதானா?

வெள்ளைல அந்த லெக்டின் சிவப்பை விட கம்மி, ஆனா இல்லாம இல்ல. நான் எல்லாத்தையும் கொதிக்க வெச்சுதான் போடுவேன், அரை மணி நேர வேலைதானே. வாஷிங்டன்ல அமெரிக்க செனட் (நாடாளுமன்ற மேலவை) சாப்பாட்டுக் கூடத்துல நூறு வருஷத்துக்கு மேலா தினமும் போடற பீன் சூப்பும் நேவி பீன்ஸ், ஹாம் ஹாக், வெண்ணெய்ல வதக்கின வெங்காயம் அவ்வளவுதான். யார் ஆரம்பிச்சு வெச்சதுன்னு ஐடஹோ செனட்டர் டுபாய் பேரையும் சொல்றாங்க, மினசோட்டா செனட்டர் நெல்சன் பேரையும் சொல்றாங்க.

கேள்வி: கடையில ஹாம் ஹாக், ஷாங்க், டாஸோ, ஆண்டூயி, பிக்கில் மீட்னு என்னென்னமோ இருக்கு. எதை வாங்கறது?

ஹாக்னா பன்னியோட கணுக்கால் மூட்டுப் பக்கம், கறி கம்மி, தோலும் எலும்பும் ஜவ்வும்தான் ஜாஸ்தி, ஆனா குழம்புக்கு கெட்டித்தனம் குடுக்கறதே அந்த ஜவ்வு கரைஞ்சுதான், நம்ம ஆட்டுக்கால் பாயா மாதிரி. அதுக்கு கொஞ்சம் மேல இருக்கறது ஷாங்க், அதுல கறி கூட கிடைக்கும். ஒரு பவுண்டு, அதாவது 450 கிராம் பீன்ஸுக்கு பெரிய ஹாக் ஒண்ணு போதும். ஆண்டூயி புகை போட்ட சாசேஜ், அதை காலைலயே போட்டா சக்கையாயிடும், வட்டமா வெட்டி தனியா சிவக்க வறுத்து கடைசி ஒரு மணி நேரத்துல சேருங்க. டாஸோ புகை போட்ட பன்னிக்கறி, காரமா, உப்பா இருக்கும், ஒரு கைப்பிடி போதும். பிக்கில் மீட் உப்பு வினிகர்ல ஊறின பன்னிக்கறி, லூசியானால இருக்கற நியூ ஆர்லியன்ஸ் ஊர்க்காரங்க அதைப் போட்டும் பண்ணுவாங்க, ஆனா அதுல புகை வாசனை இருக்காது. ஃப்ரோசன்ல வாங்கினா முந்தின நாளே ஃபிரிட்ஜ்ல வெச்சு இளக்கிடுங்க, கல்லு மாதிரி உள்ள போட்டா குக்கர் சூடேறவே பாதி நாள் ஆயிடும்.

கேள்வி: 9 மணி நேரம் வெச்சும் பீன்ஸ் கடிக்க முடியல அக்கா. தக்காளியும் கொஞ்சம் வினிகரும் போட்டேன், அதனாலயா?

அதேதான்! புளிப்பு பட்டா பீன்ஸ் தோல் இளகவே இளகாது. தக்காளி, வினிகர், ஹாட் சாஸ் எல்லாம் முழுசா வெந்த அப்புறம்தான். உங்க ஊர் தண்ணி கடினத் தண்ணியா இருந்தாலும் இப்படி ஆகும், அதுக்கு ஊற வைக்கிற தண்ணில கால் ஸ்பூன் சமையல் சோடா போடுங்க. மூணாவது, பீன்ஸே பழசா இருக்கலாம். வருஷக்கணக்கா அலமாரில கிடந்ததை என்ன பண்ணாலும் வேகாது, வேகமா வித்துத் தீர்ற கடையில வாங்குங்க. நியூ ஆர்லியன்ஸ்ல 1923லேர்ந்து இருக்கற கமீலியா பிராண்டு உங்க பக்கம் கிடைச்சா கண்ணை மூடிட்டு எடுக்கலாம்.

கேள்வி: உப்பு போட்டா பீன்ஸ் வேகாதுன்னு அம்மா சொல்வாங்களே?

ஊற வைக்கும்போது 2 லிட்டர் தண்ணிக்கு ஒன்றரை டேபிள்ஸ்பூன் உப்பு போட்டுப் பாருங்க, தோல் வெடிக்காம மெத்துனு வேகும். தோல்ல இருக்கற கால்சியத்தை உப்பு விலக்கிடுது, அதான் காரணம். ஆனா ஸ்லோ குக்கர்ல உப்பே போடாதீங்க, ஹாக்லயே ஏகப்பட்ட உப்பு இருக்கு, அது மெல்ல மெல்லத்தான் இறங்கும். கடைசில ருசி பாத்துட்டு போடுங்க.

கேள்வி: இஞ்சி பூண்டு, கரம் மசாலா போடலாமா?

போட்டா அது ராஜ்மா மசாலா, நல்லாதான் இருக்கும், ஆனா இது வேற. இங்க புகைதான் மசாலா. வெங்காயம், செலரி, பச்சை குடமிளகாய் மூணையும் பொடியா நறுக்கி கொழுப்புல வதக்கி, பூண்டு, தைம்ங்கற வாசனை இலை, கேயன் மிளகாய்த்தூள், பே லீஃப் சேருங்க. பே லீஃப்னு நம்ம பிரியாணி இலையைப் போட்டுடாதீங்க, அதுல பட்டை வாசனை வரும்.

கேள்வி: ஏன் திங்கட்கிழமைதான் பண்றாங்க?

அந்தக் காலத்துல நியூ ஆர்லியன்ஸ்ல திங்கட்கிழமை துணி துவைக்கிற நாள். ஞாயித்துக்கிழமை ஹாம்ல மிஞ்சின எலும்பை பீன்ஸோட போட்டு அடுப்புல ஏத்திட்டா அது பாட்டுக்கு வேகும், இவங்க துவைச்சு முடிக்கலாம். அந்த ஊர் ஜாஸ் இசைக்கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் லெட்டர் முடிக்கும்போது "ரெட் பீன்ஸ் அண்ட் ரைஸ்லி யுவர்ஸ்"னு கையெழுத்துப் போடுவாராம், அந்த அளவுக்கு பிடிக்கும் அவருக்கு.

கேள்வி: வீட்டுக்காரர் போர்க் தொட மாட்டார். என்ன பண்ணலாம்?

புகை போட்ட வான்கோழிக் கால் வாங்குங்க, அமெரிக்கால நிறைய வீட்ல அதான் போடறாங்க. ஜவ்வு கம்மி, அதனால ஒரு ஸ்பூன் வெண்ணெய் சேத்துக்கோங்க. சொல்லப்போனா ஸ்லோ குக்கரே போர்க் தொடாத சமையல்லேர்ந்துதான் வந்தது. கண்டுபிடிச்ச இர்விங் நாக்சன் யூதர், ஓய்வு நாளுக்காக முந்தின சாயங்காலமே பேக்கரி அடுப்புல வெச்சு ராத்திரி முழுக்க வேக விடற சோலன்ட்ங்கற பீன்ஸ் குழம்பு பத்தி அம்மா சொன்னதைக் கேட்டுதான் அவருக்கு யோசனை வந்ததாம். அதைத்தான் பின்னால 1971ல க்ராக் பாட்னு பேர் வெச்சு வித்தாங்க.

கேள்வி: எனக்கு தண்ணியா வருது.

ஸ்லோ குக்கர்ல ஆவி வெளிய போகாது, பீன்ஸுக்கு மேல ஒரு இன்ச் நின்னா போதும். வெந்ததும் ஹாக்கை எடுத்து கறியைப் பிச்சு வைங்க, ஒரு கரண்டி பீன்ஸை பாத்திர ஓரத்துலயே நசுக்கி கலக்கிட்டு, மூடியைத் திறந்து ஹைல அரை மணி நேரம் விடுங்க. அதுக்கு முன்னாடி சும்மா சும்மா திறந்து பாக்காதீங்க, ஒரு தடவை திறந்தா கால் மணி நேரமாவது கூட ஆகும்.

கேள்வி: மிச்சத்தை ராத்திரி முழுக்க வார்ம்லயே விடலாமா?

வேணாம் தம்பி. ரெண்டு மணி நேரத்துக்குள்ள சின்ன சின்ன டப்பால மாத்தி ஃபிரிட்ஜ்ல வைங்க, நாலு நாள் தாங்கும், ஃப்ரீசர்ல மாசக்கணக்கா இருக்கும். மறுநாள் கெட்டியா இறுகியிருக்கும், கொஞ்சம் தண்ணி தெளிச்சு அடுப்புல கொதிக்க வைங்க, ஸ்லோ குக்கர்ல திரும்ப சூடு பண்ணாதீங்க.