ஒட்டன்சத்திரத்துக்கு அப்பா, டவுனா?

அன்புள்ள ஐயா,

தாண்டிக்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறேன். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி 'மை ஃபாதர் டுக் தி சவ்சவ் டவுன் டு ஒட்டன்சத்திரம்' என்று எழுதியிருந்தாள். 'கீழே கொண்டுபோனார்' என்பதை அப்படியே ஆங்கிலத்தில் போட்டுவிட்டாள் என்று 'டவுன்'-ஐச் சுழித்தேன். சக ஆசிரியரோ, வரைபடத்தில் ஒட்டன்சத்திரம் நமக்கு வடக்கே இருக்கிறது, போட்டால் 'அப்' என்றுதான் போட வேண்டும் என்கிறார். எது சரி?

— ஓர் ஆங்கில ஆசிரியர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மாணவி எழுதியதுதான் சரி. சுழியை அழித்துவிடுங்கள். மலையில் இருப்பவர் சமவெளிக்குப் போவதை ஆங்கிலேயரும் 'டவுன்' என்றுதான் சொல்வார்.

உங்கள் நண்பர் சொல்வதும் ஆங்கிலத்தில் உள்ள வழக்குதான். வடக்கென்றால் 'அப்', தெற்கென்றால் 'டவுன்' என்பது வரைபடத்தைச் சுவரில் மாட்டியதால் வந்த பழக்கம். (1154-இல் அல்-இத்ரீசி வரைந்த உலகப்படத்தில் தெற்குதான் மேலே. அதை மாட்டியிருந்தால் நண்பர் கட்சி மாறியிருப்பார்.) ஆனால் பாச்சலூர் வழியாக மூட்டையோடு வண்டியில் இறங்குகிறவருக்கு வரைபடம் எதற்கு?

உயரமும் திசையும் போக, மூன்றாவதாக ஒன்றும் உண்டு: அந்தஸ்து. பிரிட்டிஷ் ரயில்வேயில் லண்டனை நோக்கி வருவது 'அப்' வண்டி. எடின்பரோவிலிருந்து தெற்கே இறங்கி வந்தாலும் அது 'அப்'தான். ஆக்ஸ்போர்டில் படிக்கப் போவது 'அப்', அங்கிருந்து வெளியேற்றப்பட்டால் 'சென்ட் டவுன்'. நமக்கும் இது புதிதல்ல. 'மேலிடத்துல கேட்டுச் சொல்றேன்' என்கிற குமாஸ்தா மாடியையா காட்டுகிறார்?

தமிழில் திசைக்கணக்கு வேறு. நமக்கு மேல் என்றால் மேற்கு, கீழ் என்றால் கிழக்கு. மேற்கே மலை, கிழக்கே கடல் என்று சரிந்து கிடக்கும் நிலத்தில் பிறந்த பெயர்கள் இவை என்பார்கள். மலை கிழக்கே நிற்கும் கேரளத்திலும் கிழக்கு 'கிழக்கு'தான். அதை வைத்தே, மலையாளிகள் மலைக்கு இந்தப் பக்கமிருந்து போனவர்கள் என்று கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தில் வாதிட்டார். எல்லோரும் ஏற்றுக்கொண்ட வாதமில்லை.

உங்கள் பழனி மலையில் இரண்டு கணக்கும் ஒன்றாகவே விழுகின்றன. பூண்டு விளையும் பூம்பாறை, மன்னவனூர் எல்லாம் மேல்மலை: உயரத்திலும் மேல், திசையிலும் மேல். காப்பியும் மலைவாழையும் விளையும் உங்கள் தாண்டிக்குடி, பண்ணைக்காடு கீழ்மலை. அதனால் அங்குள்ள பிள்ளைகளுக்கு 'அப்', 'டவுன்' பாடமே வேண்டியதில்லை. 'கீழ இறங்குறியா?' என்று கேட்டே வளர்ந்தவர்கள்.

சுழிக்க வேண்டிய இடம் வேறு இருக்கிறது. 'கீழே இருக்கிறான்' என்பதை 'ஹீ இஸ் இன் டவுன்' என்றும், 'மேலே போ' என்பதை 'கோ டு அப்' என்றும் எழுதுவார்கள். 'கீழே' என்பதில் 'ஏ' இருப்பதுபோல 'டவுன்' என்பதிலேயே இடம் அடங்கிவிட்டது. அதற்கு முன்னால் 'இன்', 'டு' ஒட்டாது. (தமிழில் எழுதினால் 'இன் டவுன்' ஊருக்குள் இருப்பவனாகிவிடுவதும் ஒரு தொல்லை.) மாடிக்கும் இதே கதைதான்: 'இன் அப்ஸ்டேர்ஸ்' வேண்டாம், 'அப்ஸ்டேர்ஸ்' போதும்.

இன்னொன்று. 'டவுன்'-ஐ அந்த மாணவி சவ்சவ்வுக்குப் பின்னால் வைத்திருக்கிறாள். அதற்கே தனியாக ஒரு மதிப்பெண் கொடுக்கலாம். 'டுக் டவுன் தி சவ்சவ்' என்று முன்னால் வைத்திருந்தால், அவள் அப்பா சந்தைக்குப் போகாமல் பந்தலிலிருந்து காயை இறக்கிக்கொண்டிருப்பார்.