இஸ்தான்புல் உணவகத்தில் கேட்காமலே மேசைக்கு வருவதற்குக் காசு உண்டா?

கேள்வி: அடுத்த மாதம் நானும் கணவரும் மாமியாரும் நாலு நாள் இஸ்தான்புல் போகிறோம். போன வருடம் போய்வந்த நாத்தனார், "சுல்தானகமத் பக்கம் ஒரு உணவகத்தில் நாங்கள் கேட்காமலே நாலைந்து கிண்ணம் கொண்டுவந்து வைத்தார்கள், இலவசம் என்று நினைத்துச் சாப்பிட்டோம், கடைசியில் அத்தனைக்கும் பில் போட்டுவிட்டார்கள்" என்று சொல்லிப் பயமுறுத்துகிறார். மாமியார் சுத்த சைவம் வேறு. ஏமாறாமல் சாப்பிட என்ன வழி?
(ஈரோடு வாசகி)

பதில்: உங்கள் நாத்தனார் நினைத்ததில் தப்பே இல்லை, அதனால்தான் இந்த விஷயத்தில் எனக்குக் கோபம் வருகிறது. துருக்கியில் சாதாரண உணவகத்தில் ரொட்டிக்குக் காசு வாங்க மாட்டார்கள், கபாப் கடைகளில் சுமாக் என்ற புளிப்புப் பொடி தூவிய வெங்காயமும் சாலடும்கூட உபசாரமாகவே வரும், சாப்பிட்டு முடித்ததும் ஒரு சின்ன கிளாஸ் டீயும் வரும். இதற்கு அவர்கள் சொல்லும் பெயர் 'இக்ராம்'. அந்த நல்ல வழக்கத்தைச் சுற்றுலாப் பகுதிகளில் சிலர் தந்திரமாகப் பயன்படுத்துகிறார்கள். எனவே, நீங்கள் கேட்காத எது மேசைக்கு வந்தாலும் தொடுவதற்கு முன் "இக்ராம் மி?" என்று கேளுங்கள். இலவசமா என்று அர்த்தம். ஆமாம் என்றால் சாப்பிடுங்கள், விலை சொன்னால் வேண்டுமா வேண்டாமா என்று நீங்கள் முடிவு செய்யுங்கள். தட்டு நிறைய மெஸே, அதாவது சாப்பாட்டுக்கு முன் வரும் சின்னச் சின்ன பதார்த்தங்களின் கிண்ணங்களை அடுக்கிக்கொண்டு வந்து காட்டுவார்களே, அது இக்ராம் இல்லை. அதிலிருந்து எதை எடுத்து வைக்கச் சொல்கிறீர்களோ அது ஒவ்வொன்றுக்கும் தனி விலை.

அங்கே உணவகங்கள் விலைப்பட்டியலை வாசலிலேயே வைக்க வேண்டும் என்பது சட்டம், எழுதியிருக்கும் விலையில் வரியும் அடக்கம். பட்டியல் இல்லாத கடைக்குள், வாசலில் நிற்பவர் எவ்வளவு அன்பாகக் கூப்பிட்டாலும், போகாதீர்கள். அப்புறம், இணையத்தில் மூன்று நாலு வருடத்துக்கு முன் யாரோ எழுதிய விலையை வைத்துக் கணக்குப் போட வேண்டாம். 2022 அக்டோபரில் அங்கே பணவீக்கம் 85 சதவீதத்தைத் தாண்டியது, அதற்குப் பிறகும் விலை ஏறிக்கொண்டேதான் இருந்தது. பழைய விலையை மனதில் வைத்துப் போனால் நியாயமான கடைக்காரர்கூட ஏமாற்றுவதுபோல் தோன்றும்.

மீன் சாப்பிடுவதானால் இன்னும் கவனம். கடலோரக் கடைகளில் மீனுக்கு எடைக்குத்தான் விலை. நான் முதல் தடவை போனபோது அழகான மீனாகப் பார்த்துக் கைகாட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டேன், எடையும் கேட்கவில்லை, விலையும் கேட்கவில்லை. பில்லைப் பார்த்தபோது ஒரு நாள் சாப்பாட்டுச் செலவு முழுக்க அந்த ஒரு மீனுக்கே போயிருந்தது. எடை போட்டுக் காட்டச் சொல்லி, தொகையை ஒரு தாளில் எழுதி வாங்கின பிறகுதான் அடுப்பில் போடச் சொல்ல வேண்டும். இன்னொன்று, கபாப் சொல்லும்போது "பிர் புச்சுக்?" என்று கேட்பார்கள், ஒன்றரை பங்கா என்று. புரியாமல் தலையாட்டினால் ஒன்றரைக்கும் காசு. காரம் வேண்டுமென்றால் அதானா கபாப், வேண்டாமென்றால் உர்ஃபா.

மாமியார் விஷயத்துக்கு வருகிறேன். அவரை 'எஸ்னாஃப் லொகாந்தா' என்ற வகைக் கடைக்கு மதியம் கூட்டிப்போங்கள். கடைத்தெரு வியாபாரிகள் சாப்பிடும் இடம், நம் ஊர் மெஸ் மாதிரி. சமைத்ததெல்லாம் கண்ணெதிரே இருக்கும், பார்த்துக் கைகாட்டினால் போதும், விலையும் நியாயம். சாயங்காலம் போனால் பாதி தீர்ந்திருக்கும். ஆனால் கண்ணை மட்டும் நம்பாதீர்கள். கத்தரிக்காயைப் பிளந்து உள்ளே நிரப்பியது இரண்டு உண்டு: 'இமாம் பயில்தி' வெங்காயமும் தக்காளியும் வைத்தது, 'கார்னியாரிக்' கொத்துக்கறி வைத்தது. மேலாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆலிவ் எண்ணெயில் சமைத்து ஆறவைத்துப் பரிமாறும் காய்கறி வகைகளில் பொதுவாகக் கறி சேர்க்க மாட்டார்கள், சூடாக இருப்பதைச் சந்தேகப்படுங்கள். பருப்பு சூப்பைக்கூட எலும்புச் சாற்றில் செய்கிறவர்கள் உண்டு, 'பிலாவ்' என்ற சோற்றில் கோழிச் சாறு ஊற்றுகிறவர்களும் உண்டு. "எத் வார் மி?" என்றால் கறி இருக்கிறதா என்று கேட்பது, "எத் சுயு?" என்றால் கறிச் சாறா என்பது. இரண்டையும் கேளுங்கள். சப்பாத்தி மாதிரி தேய்த்துக் கல்லில் சுட்டு, உள்ளே உருளைக்கிழங்கோ கீரையோ வைத்துத் தரும் 'கோஸ்லெமெ' அவருக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

கேள்வி: நான் ஏற்கெனவே போய் ஏமாந்து வந்தவன். பில்லில் 'குவேர்', 'செர்விஸ்' என்று இரண்டு வரி இருந்தது, கார்டில் கட்டிவிட்டேன். இனி ஏதாவது செய்ய முடியுமா?
(மதுரை வாசகர்)

பதில்: குவேர் என்றால் மேசைக் கட்டணம், செர்விஸ் பரிமாறும் கட்டணம். முன்பு பட்டியலில் எழுதியிருந்தால் இவற்றை வாங்க முடிந்தது, 2026 ஜனவரி இறுதியில் இப்படித் தனியாக வாங்கக் கூடாது என்று விதி வந்துவிட்டது. இனி பில்லில் இருந்தால் அங்கேயே எடுக்கச் சொல்லலாம், ஒத்துக்கொள்ளாவிட்டால் 175 என்ற நுகர்வோர் எண்ணைக் கூப்பிடுவேன் என்று சொல்லலாம். பாதிப்பேர் அந்த எண்ணைக் கேட்டதும் இறங்கிவருவார்கள். இப்போது உங்கள் கையில் ஒரு வாய்ப்புதான் இருக்கிறது. பில்லில் இருந்த தொகையும் கார்டில் பிடித்த தொகையும் வேறாக இருந்தாலோ, இரண்டு தடவை பிடித்திருந்தாலோ ரசீதோடு உங்கள் வங்கியிடம் முறையிடுங்கள், தாமதம் வேண்டாம். நீங்களே பார்த்து ரகசிய எண் போட்ட தொகைதான் என்றால் திரும்பக் கிடைப்பது கஷ்டம், பொய் நம்பிக்கை தர விரும்பவில்லை.

ஸ்டேட்மென்ட்டில் இன்னொன்றையும் பாருங்கள். கார்டு மெஷின் ரூபாயிலா லீராவிலா என்று கேட்டிருக்கும், ரூபாய் என்று அழுத்தியிருந்தால் மாற்று விகிதத்திலேயே கொஞ்சம் போயிருக்கும். எப்போதும் லீராதான்.

கேள்வி: டிப்ஸ் எவ்வளவு வைப்பது?

பதில்: செர்விஸ் பில்லிலேயே பிடித்திருந்தால் வேண்டாம். இல்லையென்றால், கவனிப்பு பிடித்திருந்தால் 5 முதல் 10 சதவீதம், ரொக்கமாக, பரிமாறியவர் கையிலேயே கொடுங்கள். பெயர் அங்கேயும் 'பாக்ஷிஷ்'தான், நம் ஊர் பக்சீஸ்.