ட்ரேயில் வளர்த்த பசுந்தீவனம் கோழிக்குப் போதுமா?

கேள்வி: மெதுவாக வளரும் ரக இறைச்சிக்கோழி வளர்க்கிறேன், இப்போது 6 வார வயது. ஒரு கிலோ மக்காச்சோளத்தை மண்ணில்லாமல் ட்ரேயில் வளர்த்தால் 8 நாளில் 6 கிலோ பசுந்தீவனம் கிடைக்கிறது. அடர்தீவனத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டு மீதிக்கு இதையே போடலாமா?

பதில்: தயவுசெய்து பாதியாகக் குறைக்காதீர்கள். அந்த 6 கிலோவில் 5 கிலோவுக்கு மேல் தண்ணீர்தான். ஒரு கிலோ மக்காச்சோளத்தில் ஈரத்தைக் கழித்தால் சுமார் 880 கிராம் இருக்கும், முளைத்து வந்த 6 கிலோவைக் காயவைத்து எடை போட்டால் 780 கிராம் தேறினாலே நல்ல விளைச்சல். விதை தன்னிடம் உள்ள மாவுச்சத்தை எரித்துத்தான் முளைக்கிறது, இலை பச்சையான பிறகும் ஒரே வாரத்தில் அந்த இழப்பு ஈடாகாது. புரதச் சதவீதம் கூடிவிட்டது என்று சொல்வார்கள், மாவுச்சத்து குறைந்ததால் மீதியின் பங்கு கூடுதலாகத் தெரிகிறது, அவ்வளவுதான். ஆடு மாடு போல நாரைச் செரிக்கும் வயிறும் கோழிக்குக் கிடையாது. இரைப்பை முழுக்க தண்ணீரும் நாரும் நிறைந்துவிட்டால் தீவனம் எடுப்பது குறையும், எடையும் ஏறாது.

அதற்காகக் கொடுக்கவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். 5, 6 வாரத்தில் விற்பனைக்குப் போகும் பிராய்லருக்கு இதில் பெரிய பயன் இல்லை, ஆனால் 10, 12 வாரம் வரை நிற்கும் உங்கள் கோழிகளுக்கு நாள் முழுக்கக் கொத்திக் கிளற ஏதாவது வேண்டும். இல்லாவிட்டால் ஒன்றின் இறகை ஒன்று கொத்த ஆரம்பித்துவிடும். மஞ்சள் தோல் ரகமாக இருந்தால் காலும் தோலும் நல்ல நிறம் பிடிக்கும். நாளைக்கு 100 கிராம் தீவனம் தின்னும் கோழிக்கு 70 கிராம் பசுந்தீவனம் கொடுத்தால் உலர் எடையில் அது பத்தில் ஒரு பங்குதான், அதைத் தாண்ட வேண்டாம். முதலில் 20 கிராமில் தொடங்குங்கள், காலைத் தீவனம் தின்று முடித்த பிறகு போடுங்கள். வேர்ப்பின்னலை அப்படியே போட்டால் நீளமான நார் இரைப்பையில் சிக்கும், அதனால் பொடியாக நறுக்குங்கள், கூடவே சிறு கற்களும் கிடைக்க வேண்டும். எச்சம் தண்ணீராகப் போனால் உடனே அளவைக் குறையுங்கள், கொட்டகைத் தரையில் பரப்பிய கூளம் ஈரமானால் ரத்தக்கழிச்சல் வர வழி திறந்துவிடும்.

கேள்வி: வேரில் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி வருகிறதே, பூஞ்சணமா?

பதில்: வேரை ஒட்டி ஒரே சீராக இருந்து, தண்ணீர் தெளித்ததும் படிந்து மறைந்தால் அது வேர்த்தூவி, பயமில்லை. விதைக்கு விதை சிலந்தி வலை போலப் படர்ந்து, புளித்த வாடையோ மக்கிய வாடையோ அடித்தால் பூஞ்சணம். கழுவிவிட்டுக் கொடுக்கலாம் என்று நினைக்கவே வேண்டாம், அதன் நஞ்சு கழுவினாலும் போகாது, கோழியின் ஈரலைக் கெடுக்கும். அந்த ட்ரே முழுவதையும் கொட்டிவிடுங்கள். அப்புறம் ட்ரேயை பிளீச்சிங் கரைசலில் கழுவிக் காயவைத்து அடுத்த விதையைப் போடுங்கள். உடைந்த விதைதான் முதலில் பூஞ்சணம் பிடிக்கும், பொறுக்கி எடுத்துவிடுங்கள். விதைப்புக்கென்று மருந்து கலந்து விற்கும் விதையை இதற்குத் தொடவே கூடாது.

கேள்வி: மக்காச்சோளத்துக்குப் பதிலாகச் சோளம் முளைக்க வைக்கலாமா?

பதில்: கூடாது. சோள நாற்றில் சயனைடு நஞ்சு உருவாகும், இளம் சோளப்பயிரை மேய்ந்த மாடுகள் சாவதும் இதனால்தான். கோதுமையோ பார்லியோ போடுங்கள்.