ரெகே பட விழா நடத்தணுமா? கேளுங்க, சொல்றேன்

வணக்கம் மக்களே. ரெகே, அதான் பாப் மார்லி பாடின ஜமைக்கா இசை, அதை பத்தின படங்களுக்குன்னே ஒரு ஃபெஸ்டிவல் நடத்தணும்னா எங்க ஆரம்பிக்கணும், எவ்ளோ தலைவலின்னு ஆளாளுக்கு தனித்தனியா கேட்டுட்டு இருந்தீங்க, ஒவ்வொருத்தருக்கா டைப் பண்ணி கை வலிக்குது, அதனால இங்கயே மொத்தமா கேட்டுடுங்க. ஃபெஸ்டிவல்களுக்கு படம் வரவழைக்கறது, டெஸ்ட் பண்றது, ஓட்டறது, இதான் நம்ம பொழப்பு. ஜமைக்கால கிங்ஸ்டனை வெச்சே பேசுறேன், ஏன்னா இந்த இசை வளந்த தெருவே அங்க தான் இருக்கு, அந்த ஊர்க்காரன் முன்னாடி ஓட்டி பேர் வாங்குறது தான் கஷ்டம்.

நைட்ஷோ: அக்கா, முதல்ல படத்தை பிடிக்கணுமா, இடத்தை பிடிக்கணுமா?

ரெண்டும் இல்ல தம்பி, முதல்ல சவுண்ட் எப்படின்னு முடிவு பண்ணு. ஜமைக்கா இசையே தெருவுல வெச்ச சவுண்ட் சிஸ்டத்துல வளந்தது தானே, டியூக் ரீட், காக்சன் டாட் மாதிரி ஆளுங்க 1950கள்லயே பெரிய பெரிய பாக்ஸை அடுக்கி திறந்த வெளில டான்ஸ் நடத்திட்டு இருந்தாங்க, அப்புறம் தான் டாட் 1963ல பிரென்ட்ஃபோர்ட் ரோட்ல ஸ்டுடியோ ஒன் திறந்தார். அந்த ஊர் ஜனங்க பேஸை காதால மட்டும் கேக்கறவங்க இல்ல, நெஞ்சுல வாங்குறவங்க. ஹோட்டல் கான்ஃபரன்ஸ் ஹால்ல ரெண்டு மூலைல ரெண்டு ஸ்பீக்கர் வெச்சு ஓட்டினா, பாதில எழுந்து போயிடுவாங்க.

ஆனா ஒரு விஷயம், இதுல தான் நிறைய பேர் சொதப்புவாங்க. 70கள்ல வந்த படங்கள் பெரும்பாலும் மோனோ, ஃபிலிம் ஓரத்துலயே சவுண்ட் ட்ராக், அதுல பேஸும் கம்மி, மேல் பக்க சத்தமும் கம்மி. ரெகே படம்னு சொல்லி சப் வூஃபரை ஏத்தி விட்டா பாட்டு பெருசா கேக்காது, பழைய ட்ராக்ல இருக்க இரைச்சலும் உறுமலும் தான் பெருசா கேக்கும். அதனால படத்தை படமா ஓட்டு, நடு ஸ்பீக்கர்ல சுத்தமா. படம் முடிஞ்சதும் பக்கத்துலயே ஒரு நிஜ சவுண்ட் சிஸ்டம் நிக்கட்டும், அதே படத்துல வந்த பாட்டோட ஒரிஜினல் 45 ரெக்கார்டை, அதான் சின்ன இசைத்தட்டை, செலக்டர் போடட்டும், ரெக்கார்ட் தேர்ந்தெடுத்து போடுறவர் தான் செலக்டர். அந்த வித்தியாசம் போதும், கூட்டம் நகராது.

ஹாலை டெஸ்ட் பண்ண நான் ஒரே ஒரு சீனை தான் ஓட்டி பாப்பேன். 1978ல வந்த ராக்கர்ஸ் படத்துல ராத்திரி கடல் ஓரம் உக்காந்து ரெகே பாடகர் பர்னிங் ஸ்பியர் எந்த வாத்தியமும் இல்லாம பாடுவார், பின்னாடி அலை சத்தம் மட்டும். அந்த சீன்ல ஏசி இரைச்சலோ ஜெனரேட்டர் சத்தமோ காதுல விழுந்துச்சுன்னா அந்த இடம் வேணாம், வேற பாரு.

கேசட் பிரியை: இதுக்கு முன்னாடி யாராவது இப்படி நடத்திருக்காங்களாக்கா?

நடத்திருக்காங்கம்மா. பார்பரா பிளேக் ஹன்னா 2008ல கிங்ஸ்டன்ல ரெகே ஃபிலிம் ஃபெஸ்டிவல் ஆரம்பிச்சாங்க. 1968லயே லண்டன்ல தேம்ஸ் டெலிவிஷன்ல கேமரா முன்னாடி நின்ன கறுப்பின பெண் ரிப்போர்ட்டர் அவங்க, பிறகு ஊருக்கு திரும்பி ஜமைக்கா செனட்லயும் உக்காந்தவங்க, ராஸ்தாஃபாரி வேற, ஜமைக்கால பிறந்த ஒரு மதம் அது. இந்த மாதிரி விழாவை சினிமாக்காரங்க மட்டும் நடத்தினா ஒரு ருசி, அந்த நம்பிக்கைல வாழ்ற ஒருத்தர் நடத்தினா வேற ருசி.

ஞாயிறு ராகவன்: எந்த மாசம் வெக்கலாம்?

பிப்ரவரி. அங்க அது ரெகே மாசம், 2008ல அரசாங்கமே அறிவிச்சது. ரெகே பாடகர் டென்னிஸ் பிரவுன் பிறந்தநாள் 1ம் தேதி, பாப் மார்லி 6ம் தேதி. மழையும் இருக்காது, புயல் சீசன் ஜூன்ல இருந்து நவம்பர் வரைக்கும் தான். சாயங்காலம் ஆறேகாலுக்குள்ள சூரியன் இறங்கிடும், ஏழு மணிக்கு திரை நல்லா தெரியும். ஆனா 6ம் தேதி எதுவும் வெக்காதீங்க, ஊர்ல அன்னிக்கு மார்லி நிகழ்ச்சி தவிர வேற எதுக்கும் ஆள் வராது.

மதுரைக்காரன்: அக்கா பாப் மார்லி படம் எத்தனை போடலாம்? நாலஞ்சு இருக்கே

ஒண்ணு. அவ்ளோ தான். சொன்னா கோவம் வரும், ஆனா ரெண்டாவது மார்லி படம் போட்ட உடனே உன் ஃபெஸ்டிவல் மார்லி ஃபெஸ்டிவல் ஆயிடும், பேப்பர்லயும் அப்படி தான் எழுதுவான். என்னை கேட்டா அந்த ஒண்ணும் ஹார்ட்லேண்ட் ரெகேயா இருக்கட்டும், 1978 ஏப்ரல் 22 ஒன் லவ் பீஸ் கான்சர்ட், எதிரெதிர் கட்சித் தலைவர்கள் மேன்லி, சீகா ரெண்டு பேர் கையையும் மேடைல மார்லி சேத்து தூக்கிப் பிடிப்பாரே, அது அதுல இருக்கு. அந்த சமயத்துல ரெண்டு கட்சி ஆளுங்களும் தெருவுல சுட்டுட்டு செத்துட்டு இருந்தாங்கன்னு தெரிஞ்சவன் அந்த காட்சியை பாக்கற விதமே வேற.

ஓபனிங்குக்கு தி ஹார்டர் தே கம், 1972, யோசிக்கவே வேணாம். பெரி ஹென்ஸல் எடுத்தது, ஜிம்மி கிளிஃப் ஹீரோ. கிங்ஸ்டன் கேரிப் தியேட்டர்ல ரிலீஸ் ஆனப்போ சீட்டை விட பல மடங்கு கூட்டம், ஏன்னா தன் ஊர் தெருவை, தன் பேச்சை திரைல அது வரைக்கும் அந்த ஜனங்க பாத்ததே இல்ல. லண்டன் பக்கத்துக்கு பாபிலோன், 1980, அங்க போய் குடியேறின குடும்பத்து பசங்க நடத்துற சவுண்ட் சிஸ்டம், போலீஸ் அடி, நிறவெறி, எல்லாம். பிரிட்டன்ல பெரியவங்களுக்கு மட்டும்னு எக்ஸ் சர்டிஃபிகேட் குடுத்து எந்த பசங்க கதையோ அந்த பசங்களே பாக்க முடியாம பண்ணாங்க, அமெரிக்கால தியேட்டருக்கு வரவே 2019 ஆச்சு. லண்டன் சவுண்ட் சிஸ்டக்காரர் ஜா ஷாகா அதுல அவராவே வருவார், கடைசில ரெண்டு சவுண்ட் சிஸ்டம் மோதுற சவுண்ட் கிளாஷ் சீனை சின்ன ஸ்பீக்கர்ல பாக்கறது பாவம்.

பிலிம்ரோல் பாபு: யூட்யூப்ல இருந்து டவுன்லோட் பண்ணி ஓட்டக்கூடாதா? நிறைய பழைய டாக்குமெண்டரி அங்க கிடைக்குதே

கூடாது பாபு. திருட்டுன்றது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ரெகே பாட்டுக்காரங்க வாழ்நாள் முழுக்க ராயல்டி கிடைக்காம ஏமாந்த கதை ஊருக்கே தெரியும், அவங்களை கொண்டாட விழா எடுத்துட்டு அதுலயும் காசு குடுக்காம ஓட்டினா அந்த பாட்டுக்காரனோட பேரனே வந்து கேப்பான், கிங்ஸ்டன்ல அவன் ரெண்டு தெரு தள்ளி தான் இருப்பான்.

ரைட்ஸ்ல மூணு விஷயம் தனித்தனி. படத்தை திரையிட உரிமைக்காரர்கிட்ட எழுத்துல பர்மிஷன், அதுக்கு ஸ்க்ரீனிங் ஃபீஸ். படத்துக்குள்ள வர்ற பாட்டுக்கு சிங்க் உரிமை, அதான் பாட்டை காட்சியோட சேத்து பயன்படுத்த அனுமதி, இது தயாரிப்பாளர் ஏற்கனவே வாங்கிருக்கணும், ஆனா பழைய படத்துல சில பாட்டுக்கு குறிப்பிட்ட வருஷத்துக்கோ நாட்டுக்கோ மட்டும் வாங்கிருப்பாங்க, அதனால தான் சில நல்ல டாக்குமெண்டரி வெளியவே வராம பெட்டில கிடக்கு. மெயில் போடும்போதே "மியூசிக் க்ளியரன்ஸ் ஃபெஸ்டிவலுக்கு செல்லுமா"ன்னு ஒரு வரி சேத்து கேளுங்க. மூணாவது, படம் முடிஞ்சு டான்ஸ்ல போடுற ரெக்கார்ட். அதுக்கு ஜமைக்கால பாட்டு எழுதினவங்க பக்கத்துக்கு ஜாகாப், ரெக்கார்டிங் பக்கத்துக்கு ஜாம்ஸ்னு ரெண்டு சங்கம் இருக்கு, ரெண்டு இடத்துலயும் லைசன்ஸ் வாங்கணும். ஒண்ணு வாங்கிட்டு முடிஞ்சுதுன்னு உக்காந்துடாதீங்க.

உரிமைக்காரரை கண்டுபிடிக்கவே மாசக்கணக்குல ஆகும். டைரக்டர் செத்திருப்பார், கம்பெனி மூடியிருக்கும், நெகட்டிவ் எங்கன்னு யாருக்கும் தெரியாது. ஹென்ஸலோட ரெண்டாவது படத்துக்கே அந்த கதி, 70கள்ல ஷூட் பண்ண ஃபிலிம் ரொம்ப வருஷம் காணாம போய், அப்புறம் கிடைச்சு, 2006ல தான் டொராண்டோல திரைக்கு வந்துச்சு.

ஸ்ருதி சேரல: படம் ஓட்டும்போது பாட்டு ஸ்ருதி குறையும்னு எங்கயோ படிச்சேன், நிஜமாவா?

அருமையான கேள்வி, இதை யாரும் கேக்க மாட்டாங்க. பிரிட்டிஷ் டிவிக்கு எடுத்த ரெகே டாக்குமெண்டரி எல்லாம் செகண்டுக்கு 25 ஃப்ரேம். தியேட்டர்ல ஓட்டுற டிஜிட்டல் பட ஃபைல், அதான் டிசிபி, வழக்கமா 24. சரியா மாத்த தெரியாதவன் அப்படியே 24ல ஓட விட்டா படம் 4 சதவீதம் மெதுவாகும், பாட்டு கிட்டத்தட்ட முக்கால் செமிடோன் கீழ இறங்கிடும். டிரம்ஸ் தூங்குற மாதிரி இருக்கும். வேற ஊர்ல யாரும் கவனிக்க மாட்டாங்க, கிங்ஸ்டன்ல முன் வரிசைல உக்காந்திருக்க பெருசு ஒருத்தர் அந்த ரெக்கார்டிங்ல பேஸ் வாசிச்சவராவே இருக்கலாம், எழுந்து கத்திடுவார். இப்ப வர்ற ப்ரொஜெக்டர், சர்வர் நிறைய 25யும் ஓட்டும், தியேட்டர்ல முன்னாடியே கேட்டு 25லயே டிசிபி வாங்கிடு. இல்லன்னா சவுண்டை மட்டும் ஸ்ருதி சரி பண்ணி தர சொல்லு. எதுவானாலும் ஒரு பாட்டை ஒரிஜினல் ரெக்கார்டோட சேத்து வெச்சு கேட்டு செக் பண்ணு, அஞ்சு நிமிஷ வேலை.

தெருவிளக்கு: ட்ரெஞ்ச்டவுன் மாதிரி ஏரியாவுலயே திறந்த வெளில ஓட்ட முடியுமா? பயமா இருக்காதா?

ஓட்டணும், அங்க ஓட்டலன்னா அப்புறம் எதுக்கு. ஃபர்ஸ்ட் ஸ்ட்ரீட் பக்கம் கல்ச்சர் யார்ட் இருக்கு, மார்லி இளவயசுல இருந்த முற்றம் அது. ஆனா வெளிய இருந்து வேன்ல இறங்கி, ஓட்டிட்டு, கிளம்பிடலாம்னு நெனச்சா வேலைக்கு ஆகாது. முதல்ல ஏரியா பெரியவங்க, யூத் க்ளப், பக்கத்து சர்ச், எல்லார்கிட்டயும் போய் உக்காந்து பேசணும். செக்யூரிட்டி, நாற்காலி, சாப்பாடு, இதெல்லாம் அந்த தெரு ஆளுங்களுக்கே சம்பளத்தோட குடுக்கணும். அவங்க விழான்னு ஆயிட்டா பாதுகாப்பை அவங்களே பாத்துப்பாங்க.

போலீஸ் பர்மிஷன் முன்கூட்டியே வாங்கிடணும், 1997ல வந்த சத்தக் கட்டுப்பாட்டு சட்டம் ஒண்ணு இருக்கு, வாரநாள்ல ராத்திரி 12 மணி, வெள்ளி சனின்னா 2 மணி, அதோட ஸ்பீக்கர் ஆஃப். செலக்டர்கிட்ட இதை எழுத்துல குடுத்துடு, வாயால சொன்னா நல்ல பாட்டு நடுவுல நிறுத்த மாட்டார்.

கரண்ட் விஷயம் மறந்துடாத, ஜமைக்கால 110 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். நம்ம ஊர்லயோ லண்டன்லயோ இருந்து 230 வோல்ட் சாமான் கொண்டு போனா ட்ரான்ஸ்ஃபார்மர் வேணும். ப்ரொஜெக்டருக்கும் சவுண்ட் சிஸ்டத்துக்கும் தனித்தனி ஜெனரேட்டர் வை, ஒரே லைன்ல போட்டா பேஸ் இறங்கும்போதெல்லாம் வோல்டேஜ் ஆடும், ப்ரொஜெக்டரே அணைஞ்சு போனாலும் போகும்.

சும்மா கேட்டேன்: அக்கா, புகை? 😄

வந்துட்டான்யா. 2015 சட்டத் திருத்தத்துக்கு அப்புறம் 2 அவுன்ஸ் வரைக்கும் கஞ்சா கைல வெச்சிருந்தா கிரிமினல் கேஸ் இல்ல, அபராதம் தான். ஆனா பொது இடத்துல புகைக்க தடை இன்னும் இருக்கு. ராஸ்தாஃபாரிகளுக்கு வழிபாட்டுக்குன்னு தனி அனுமதி. உன் விழா பொது இடம், போர்டு வெச்சுடு, மீதியை ஊர் பாத்துக்கும். அந்த செடியே 1845ல இருந்து கப்பல்ல போன இந்திய கூலித் தொழிலாளிங்களால தான் அங்க பரவுச்சுன்னு சொல்றாங்க, ஆட்டுக்கறி குழம்பும் அவங்க வழியா போனது தான்.

கேசட் பிரியை: ராஸ்தா பெரியவங்களை மேடைக்கு கூப்பிடறதா இருந்தா எப்படி நடந்துக்கணும்?

அலங்காரத்துக்கு கூப்பிடாதீங்க, அது முதல் விஷயம். போஸ்டர்ல சிவப்பு தங்கம் பச்சை அடிச்சுட்டு, ராஸ்தா வழிபாட்டு டிரம் வாசிக்கிற ஒரு நயாபிங்கி குழுவை பத்து நிமிஷம் டிரம் அடிக்க வெச்சுட்டு அனுப்புறது அவமானம். பேஸ், ஃபண்டே, ரிப்பீட்டர்னு மூணு டிரம், அது அவங்களுக்கு வழிபாடு, எவ்ளோ நேரம் வேணும்னு அவங்களையே கேளுங்க. ஃபோட்டோ எடுக்கறதுக்கு முன்னாடி கேளுங்க, வேணாம்னா வேணாம். சாப்பாடு ஐடல், அதான் ராஸ்தா முறை சாப்பாடு, கறி இல்ல, நிறைய பேர் உப்பும் சேக்க மாட்டாங்க, தேங்காப்பால் போட்ட ஸ்ட்யூ வெச்சா சந்தோஷமா சாப்பிடுவாங்க. சாராய கம்பெனி ஸ்பான்சர் பேனருக்கு கீழ அவங்களை உக்கார வெக்காதீங்க, நிறைய ராஸ்தாக்கள் குடிக்கறதே இல்ல.

அவங்களுக்குன்னு ஒரு படம் வெக்கணும்னா பேட் ஃப்ரைடே, 2011. 1963ல கோரல் கார்டன்ஸ்ல ஒரு மோதலை சாக்கா வெச்சு போலீஸும் ராணுவமும் ராஸ்தாக்களை வளைச்சு வளைச்சு அடிச்சு, முடியை வெட்டி, ஜெயில்ல போட்டாங்க. அதுல தப்பிச்சவங்க பேசுற டாக்குமெண்டரி. அரசாங்கம் மன்னிப்பு கேட்டது 2017ல. இந்த படத்துக்கு அப்புறம் டான்ஸ் வெக்காதீங்க, பேச விடுங்க, மைக்கை பெரியவங்க கைல குடுத்துட்டு நீங்க ஓரமா போய் நில்லுங்க.

தாமரை_90: இவ்ளோ பேசினீங்க, பொண்ணுங்க எங்கக்கா?

நான் எதிர்பாத்த கேள்வி. சிஸ்டர் நான்சி 1982ல பாடின ஒரு பாட்டு உலகம் முழுக்க சாம்பிள் ஆச்சு, அவங்களுக்கு காசு வர பல வருஷம் ஆச்சு, 2024ல அவங்களை பத்தி அலிசன் டியூக் டாக்குமெண்டரி எடுத்திருக்காங்க, கண்டிப்பா போடு. 1997ல வந்த டான்ஸ்ஹால் குவீன் இருக்கு, தெருவுல சாமான் விக்கிற அம்மா ராத்திரி டான்ஸ்ல ராணி ஆகுற கதை, அதுக்கு வர்ற பெண்கள் கூட்டமே தனி சத்தம். ஆனா "பெண்கள் தினம்"னு ஒரு நாளை ஒதுக்கி அதுல இதையெல்லாம் திணிக்காதீங்க, சனிக்கிழமை ராத்திரி பெரிய ஷோவை இவங்களுக்கு குடுங்க.

நைட்ஷோ: சப்டைட்டில் வேணுமா?

கிங்ஸ்டன்ல போட்டா சிரிப்பாங்க. வெளிய வேணும். அமெரிக்கால தி ஹார்டர் தே கம் படத்துக்கே இங்கிலீஷ் சப்டைட்டில் போட்டு தான் ஓட்டினாங்க.

ஞாயிறு ராகவன்: டிக்கெட் வெக்கலாமா இல்ல ஃப்ரீயா? முடிஞ்சப்புறம் வேற வேலை ஏதும் இருக்கா?

தியேட்டர் ஷோவுக்கு டிக்கெட், தெரு ஷோ ஃப்ரீ. ரெண்டையும் கலக்காதீங்க. ஃப்ரீ ஷோவோட செலவை ஸ்பான்சர்கிட்ட தனியா கேளுங்க, ரெகே மட்டுமே போடுற ஐரி எஃப்எம் மாதிரி ரேடியோல விளம்பரம் போகும்னா காசு குடுக்க யோசிக்க மாட்டாங்க.

முடிஞ்சப்புறம் வேலை தான் ஜாஸ்தி. வந்த டிசிபி டிரைவ் எல்லாம் யாருதுன்னு பேர் ஒட்டி திருப்பி அனுப்பணும், ஒண்ணு மாறினாலும் அடுத்த ஊர் ஃபெஸ்டிவல் படுத்துடும். டான்ஸ்ல ஓடின பாட்டு லிஸ்ட்டை செலக்டர்கிட்ட அன்னிக்கு ராத்திரியே எழுதி வாங்கிடுங்க, மறுநாள் கேட்டா ஞாபகம் இருக்காது, அந்த லிஸ்ட் ஜாகாப்புக்கு போனா தான் பணம் சரியான ஆளுக்கு போகும். அப்புறம் முற்றத்தை கூட்டி சுத்தம் பண்ணி குடுக்கணும், அதுக்கும் சம்பளம் பட்ஜெட்ல இருக்கணும்.